ஆறு தாண்டி விட்ட எலி

இதற்குமேல் தள்ளி உட்கார முடியாது அக்கா. ஜன்னல் பக்கம் பை இருக்கிறது. கீழே வைக்கலாம்தான், ஆனால் வைக்க முடியாது. கீழே வைத்தால் உங்கள் கால் படும், பட்டால் நீங்கள் என்னவென்று கேட்பீர்கள், நான் சொல்ல வேண்டியிருக்கும். கோழியெல்லாம் இல்லை. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். "பையில என்னம்மா, கோழியா?" என்றார். "பாத்திரம்" என்று சொன்னேன். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பியால் செய்தது, உள்ளே ஒன்றை வைக்கலாம், கதவு ஒன்று இருக்கிறது. அப்படியானால் பாத்திரம்தானே? நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷம் சிஸ்டர் பிலோமின் கண் பார்வையில் வளர்ந்தவள். பொய் மட்டும் எனக்கு வராது.

எலிதான்.

எழுந்திருக்க வேண்டாம் அக்கா, உட்காருங்கள். ஒரே ஒரு எலி. பொறிக்குள் இருக்கிறது. பொறியைச் சுற்றிப் பழைய நைட்டி, நைட்டிக்கு மேலே பை. என்னைப் பாருங்கள், எனக்குப் பயமா இருக்கிறது? வியர்வை வெயிலுக்கு. கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது பஸ் ஆடுவதால்.

இவள் என் மகள், மகிழினி. ஏழு மாதம். பஸ்ஸில் ஏறினால் போதும், சிரிப்புத்தான். இன்றைக்கு ரொம்பவே சிரிக்கிறாள்.

கைப்பிள்ளையையும் எலியையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறாளே, இவள் என்ன பெண் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. முழுவதும் கேட்டால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பூச்சி, எலி என்றால் ஆகாது. பயம் என்று சொல்ல மாட்டேன், ஆகாது. சயின்ஸ் லேபில் கரப்பான்பூச்சி அறுக்கிற அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். மகி பிறந்த பிறகு எல்லாம் அதிகமாகிவிட்டது. தொட்டில் கயிறு வழியாக எறும்பு இறங்குமே என்று கயிற்றில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினேன். கரப்பான் வருமே என்று வாசற்படியில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு அந்தக் கோட்டை நானே மிதித்துவிடக் கூடாது என்று இரண்டு நாள் வெளியே போகவில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை. தண்ணீர் போகிற ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்தேன். எலி வரவில்லை. தண்ணீரும் போகவில்லை. குளியலறையிலிருந்து வெள்ளம் அடுப்படிக்கு வந்துவிட்டது. "வீட்டுக்குள்ள தாமிரபரணியக் கொண்டாந்துட்ட" என்றார் என் வீட்டுக்காரர். சங்கரலிங்கம் என்று பெயர். எல்லாவற்றையும் அவர் இப்படித்தான் விளையாட்டாகச் சொல்வார்.

அப்படிக் காத்த வீட்டில், மகிக்கு நாலு மாதம் இருக்கும்போது, அவளுடைய சாக்ஸில் குதிகால் காணாமல் போயிருந்தது. அரை வட்டமாக, கத்தரியால் வெட்டியது போல. சாக்ஸ் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, மகி தொட்டிலில் இருந்தாள். ஆனாலும் நான் அவள் காலை எண்ணிப் பார்த்தேன். விரல் விரலாக எண்ணினேன். பத்து இருந்தது. மறுபடியும் எண்ணினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அத்தை வந்திருந்தார்கள், என் மாமியார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில் இருக்கிறார்கள். தனி ஆள், தனி வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் பேத்தியைப் பார்க்க வந்துவிடுவார்கள். குறை சொல்லக் கூடாது அக்கா, அவ்வளவு சுத்தம். வந்ததும் நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். பையோடு வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போய், அங்கே காலைக் கழுவி, பையை உதறிவிட்டுத்தான் பின்வாசல் வழியாக உள்ளே வருவார்கள். பையை நாம் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால் தர மாட்டார்கள். "நீ பிள்ளக்காரி, பாரம் தூக்காத" என்பார்கள்.

அன்றைக்கு அத்தை மகியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் திரைக்கம்பி மேலே இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரு எலி நடந்து போனது. ஓடவில்லை அக்கா, நடந்தது. வாடகை கொடுத்துக் குடியிருக்கிற ஆள் போல.

அத்தை கத்தவில்லை. மகியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்: "ஏட்டி கோமு, எங்க வீட்ல எலி மூஞ்சியப் பாத்து முப்பது வருசமாச்சு. இன்னொரு தடவ இந்த வீட்ல எலிய நான் கண்ணால பாத்தேன்னா, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவேன். பல்லு முளைச்சு, நடந்து, எலிய அதுவே வெரட்டுத வயசு வந்தப்புறம் வந்து கூட்டிட்டுப் போ."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "அம்மா சும்மா சொல்லுதா" என்றார். ஆனால் அத்தை போன பிறகு பரணிலிருந்து சின்னப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். எதற்கென்று கேட்டேன். "சும்மாத்தான். பிள்ளைக்கு எத்தனை சட்டை இருக்கு?" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பெற்ற பிள்ளையை ஒரு எலிக்காகக் கொடுக்க முடியுமா அக்கா? சொல்லுங்கள்.

எலி மருந்து வைக்கலாம் என்கிறீர்கள். வைக்க முடியாது. தவழப்போகிற பிள்ளை. அதுவும் போக, அவர்கள் வீட்டில் பிள்ளையார் குலசாமி மாதிரி. அவருடைய வாகனத்தைக் கொல்லக் கூடாது. பிடிக்கலாம், கொண்டுபோய் விடலாம். விட்டால் ஆற்றைத் தாண்டி விட வேண்டும். ஆற்றைத் தாண்டினால் எலிக்கு வழி மறந்துவிடும். இது அத்தை வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறது. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

பொறி வாங்கினோம். பொறிக்கு வடை. கடையில் வாங்கி மீந்த வடையை வைத்தால் எலி மதிக்கவில்லை. அதனால் நானே பருப்பு ஊறப்போட்டு, சோம்பு தட்டிப்போட்டு, வெங்காயம் பொடியாக நறுக்கி, சூடாகச் சுட்டு வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு ஓடினேன். பொறியில் மாட்டியது என் வீட்டுக்காரர் விரல். "எனக்குன்னு என்னைக்காவது வடை சுட்டிருக்கியா?" என்று அந்த நிலையில் கேட்கிறார். மறுநாளிலிருந்து இரண்டு வடை சுட்டேன். ஒன்று அவருக்கு. நல்லது எலிக்கு.

பசை அட்டையும் வைத்துப் பார்த்தேன். எலி கொல்லைப்பக்கமாகத்தான் வருகிறது என்று கண்டுபிடித்து, பின்வாசலில் வைத்தேன். வைத்தது வெள்ளிக்கிழமை. ஒட்டிக்கொண்டது அத்தை. ஒரு காலை எடுக்க மறு காலை வைத்தார்கள், அதுவும் ஒட்டிக்கொண்டது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான் வாரது பிடிக்கலைன்னா வாயால சொல்லலாம்லா" என்றார்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றி ஊற்றி எடுத்தோம். ஒரு போத்தல் போயிற்று. அத்தை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை அக்கா. அன்றைக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, அதைக்கூட அடக்கிக்கொண்டேன்.

வடைக்கு எலி மாட்டியது. வாராவாரம் மாட்டியது. சனிக்கிழமை பிடிப்போம், ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் அதைப் பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே அவர் அம்மாவையும் பார்த்துவிட்டு வருவார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் எலி. "வீடு பூரா எலிதான், எத்தனையப் பிடிக்க?" என்றார் அவர். எனக்குச் சந்தேகம். எனக்கு என்னமோ எல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தது.

சிஸ்டர் பிலோமின் சொல்வார்கள், பார்த்ததை எழுதாவிட்டால் பார்க்காததற்குச் சமம் என்று. அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். எலிக்கு ஓர் அடையாளமும் வைத்தேன். பொறிக்கம்பிக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. நகப்பூச்சுத் தூரிகையை ஒட்டடைக் கம்பு நுனியில் கட்டி, நான் நாற்காலி மேல் நின்றுகொண்டு, ஆறடி தூரத்திலிருந்து வாலுக்குச் சிவப்புப் பூசினேன். அரை மணி நேரம் ஆனது. சுவரில் பாதி சிவப்பு, என் வீட்டுக்காரர் காதில் கொஞ்சம் சிவப்பு. ஆனால் வால் அழகாக வந்திருந்தது. இரண்டு கோட் கொடுத்தேன்.

அந்தச் சிவப்பு வாலை ஞாயிற்றுக்கிழமை ஆற்றைத் தாண்டி விட்டார். அடுத்த சனிக்கிழமை பொறியில் பார்க்கிறேன், அதே சிவப்பு வால். நெற்றியில் மட்டும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மூன்று வாரம் இதே கதை. தாமிரபரணியை நீந்தி வருகிறதா, பாலத்தில் நடந்து வருகிறதா, யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கவனமாகக் கேளுங்கள். சனிக்கிழமை எலி வருகிறதென்றால், வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஏதோ நடக்கிறது. வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒன்று தவறாமல், நான் சுண்டல் செய்கிறேன். சுண்டல் வாசனைதான் ஆற்றைத் தாண்டிப் போய் எலியை இழுக்கிறது. உடனே சுண்டலை நிறுத்திவிட்டேன். ஏன் அக்கா சிரிக்கிறீர்கள்? இருமலா? தண்ணீர் வேண்டுமா?

சுண்டலை நிறுத்தியும் எலி வந்தது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது, தப்பு என் வீட்டுக்காரர் மேல். ஆற்றைத் தாண்டினோம் என்று பெயருக்குப் பாலம் முடிகிற இடத்திலேயே அவிழ்த்துவிட்டுப் போயிருப்பார். ஆண்பிள்ளைகளை நம்பி இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. போன சனிக்கிழமை எலி மாட்டவில்லை. ஒவ்வொரு நாளும் வடை வைத்தேன், வடையைத் தின்றுவிட்டுப் பொறியை அப்படியே விட்டுப் போனது. திங்கட்கிழமை அவர் ஆபீஸ் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். இன்றைக்கு வியாழக்கிழமை, காலையில் பார்க்கிறேன், உள்ளே இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அத்தை வந்துவிடுவார்கள். வந்து இதைப் பார்த்தால் பெட்டியும் தயார், சட்டையும் தயார்.

அதனால்தான் நானே கிளம்பிவிட்டேன். டவுனில் அத்தை தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அங்கே விடலாம் என்று யோசனை. தப்பாக நினைக்காதீர்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். எலியே இல்லாத வீடு. முப்பது வருஷமாக எலி முகமே பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும்? பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. பார்த்தால், என்றுதான் சொல்கிறேன். பார்த்தால், அங்கேயும் எலி, இங்கேயும் எலி, பிள்ளை யாரிடம் இருந்தால் என்ன என்று அவர்களுக்கே தோன்றலாம். தோன்ற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பஸ் நின்றுவிட்டது. பாலத்து முனையில் எப்போதும் இப்படித்தான். எதிரில் வருகிற பஸ்ஸும் நின்றுவிட்டது.

அக்கா, கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள். நீங்கள் குனிந்தால் நான் உங்களுக்குப் பின்னால்... இல்லை, பார்த்துவிட்டார்கள். எதிர் பஸ்ஸில் மூன்றாவது ஜன்னல், பச்சைச் சேலை. என் அத்தை.

"ஏட்டி கோமு, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல எங்க போற?"

"உங்களைப் பாக்கத்தான் அத்தை. நீங்க?"

"நான் ஒன்னையப் பாக்கத்தான் வாரேன்."

"வெள்ளிக்கிழமைதான வருவீங்க?"

"நாளைக்கு அமாவாசை. வச்சிருக்க முடியாது, அதான் இன்னைக்கே கொண்டாந்தேன்."

"எதை அத்தை?"

"முருங்கக்கா."

அக்கா, நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே. ஒன்று கேட்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள். முருங்கைக்காய் நகருமா? அத்தை மடியில் இருக்கிற மஞ்சள் பை நகர்கிறது. ஒரு பக்கம் வீங்குகிறது, அமுங்குகிறது. அத்தை அதன் மேல் முழங்கையை வைத்து அழுத்துகிறார்கள்.

"கோமு. பிள்ள கையில என்னட்டி அது?"

"எது அத்தை?"

"பிடிச்சு இழுத்துக்கிட்டு சிரிக்கால்லா, அது."

நான் பார்க்கவில்லை அக்கா. சத்தியமாக இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. பையில் ஓட்டை, நைட்டியில் ஓட்டை. நீங்கள் பார்த்தீர்களா? ஏன் சொல்லவில்லை? நான் எங்கே பேசவிட்டேன் என்கிறீர்கள், சரி.

"கயிறா?"

கயிறு என்று சொல்லிவிடலாம். நீளமாகத்தான் இருக்கிறது. சொல்ல வர மாட்டேன் என்கிறது.

"வால் அத்தை."

"செவப்பா இருக்கு."

"நான்தான் பூசினேன். நகத்துக்குப் பூசுறது."

அத்தை ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். அந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். டிரைவர் கூடத் திரும்பிவிட்டார்.

"நெகச்சாயமா அது? நான் குங்குமம்னுல்லா நெனச்சேன். பிள்ளையாரே அனுப்பி வச்ச எலின்னு நெத்தியில சந்தனம் வச்சு, கொழுக்கட்ட குடுத்து, கும்பிட்டுல்லா கொண்டாந்து விட்டேன், மூணு வாரமா."

"எங்க கொண்டாந்து விட்டீங்க அத்தை?"

அத்தை மஞ்சள் பையை இழுத்து முந்தானையால் மூடுகிறார்கள்.

"அத்தை?"

"ஒன் வீட்டுக் கொல்லையிலதான். வேற எங்க விடுவேன்? ஆத்தத் தாண்டி விட்டாத்தான திரும்பாது. ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒன்னைய விட்டா யாரத் தெரியும்?"

"எனக்கும் உங்க பக்கம் உங்களைத்தான தெரியும் அத்தை."

"அப்ப சங்கரலிங்கம் ஞாயித்துக்கிழமை ஒரு பையோட வருவானே. கொல்லையில காத்து வாங்கிட்டு வாரேம்மான்னு போவானே."

"ஆமா அத்தை."

"வரட்டும் அவன்."

"வரட்டும் அத்தை."

பாருங்கள் அக்கா, கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நானும் அத்தையும் ஒரே வார்த்தையைச் சொன்னது இன்றைக்குத்தான்.

"முப்பது வருசம்னு சொன்னீங்களே அத்தை."

"முப்பது வருசமாப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். என் மாமியாக்காரி வீட்ல எலின்னு நீ நாலு பேருக்கிட்ட சொல்லவா? மொதல்ல பிள்ள கையில இருக்கிறத எடுட்டி. மெதுவா எடு. வெடுக்குனு இழுத்தா அதுக்கு வலிக்கும்."

யாருக்கு வலிக்கும் என்று சொல்லவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். விட மாட்டேன் என்கிறாள். வால் என் கையில் பட்டது அக்கா. பட்டது. சில்லென்று இருந்தது, கொஞ்சம் பிசுபிசுப்பாக. நான் மயங்கி விழுந்தேனா? விழவில்லையே. உங்கள் தோளில் சும்மா சாய்ந்தேன்.

"கடிச்சிருக்கா? விரலக் காட்டு. இங்கிட்டுத் திருப்பிக் காட்டு. ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவு."

"அத்தை, பிள்ளை..."

"பிள்ளைக்கு என்ன? எங்கிட்ட இருந்தாலும் எலி, ஒங்கிட்ட இருந்தாலும் எலி. பால் குடிக்கிற பிள்ள தாய்கிட்டயே இருக்கட்டும். அவன் எறக்கி வச்சிருக்கதாச் சொன்ன பெட்டிய எடுத்து மேல வைக்கச் சொல்லு."

"சரி அத்தை."

"பஸ்ஸு நகருது. ஏட்டி, என் வீட்டுப் பக்கம் அத விட்டுராத, சொல்லிட்டேன்."

"நீங்களும் அத்தை."

போய்விட்டார்கள். கை காட்டினார்கள், பார்த்தீர்களா? எனக்கா, மகிக்கா, எலிக்கா என்று தெரியவில்லை. காட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. தூசிதான். இனிமேல் இவளை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் அக்கா. நான் இன்றைக்குத் தூங்குவேன். எலி இருந்தாலும் தூங்குவேன்.

இருக்காது. பொறியில்தானே இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு சங்கடம். வாக்குக் கொடுத்துவிட்டேன், அத்தை தெருவில் விட முடியாது. திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. அங்கே இந்நேரம் அத்தை இறங்கிக்கொண்டிருப்பார்கள், அந்த முருங்கைக்காயை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டு. பாலத்தையும் தாண்டிவிட்டோம்.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் அக்கா? கேட்கவே மறந்துவிட்டேன் பாருங்கள். டவுனா, அதற்கும் முன்னாலா? தனி வீடா? கொல்லை இருக்கிறதா? சும்மா கேட்கிறேன். நல்ல எலி, பழகின எலி. வடை மட்டும் சூடாக வேண்டும்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? ஸ்டாப் இன்னும் வரவில்லையே. கண்டக்டர் அண்ணாச்சி, விசில் அடிக்காதீர்கள், அக்கா இங்கே இறங்க மாட்டார்கள். இறங்குகிறீர்களா? அப்படியானால் ஒரு நிமிஷம் இருங்கள், நானும் இறங்குகிறேன். காலடியில் இருக்கிற இந்தப் பிள்ளைத்துணிக் கூடையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், பையை நானே தூக்கிக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், உங்கள் வீட்டுக்கெல்லாம் வர மாட்டேன். எனக்கு இந்த ஊரில் வழி தெரியாது, அதனால் உங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் மட்டும் வருகிறேன்.